பழனி மலையின் தென்சரிவுப் பாறைகளை ஒளிப்படம் எடுப்பது: பருவம், வெளிச்சம், அனுமதி

தென்சரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வத்தலக்குண்டுப் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். பள்ளி வாசலில் நின்றாலே பழனி மலை தெரியும். ஆனால் பாறைச் சிதைவு, பாறைப் பிளவு பற்றிய பாடத்துக்கு மாணவர்களிடம் நான் காட்டுபவை வேறு நாட்டுப் படங்களாகவே இருக்கின்றன. இந்தக் குறையைப் போக்கக் கொடைக்கானல் தூண் பாறை, டால்பின் நோஸ், வட்டக்கானல் விளிம்பு ஆகியவற்றையும், பழனி மலையின் தாழ்ந்த பகுதியான கீழ்மலையில் உள்ள கல்திட்டைகளில் (பழங்கால மக்கள் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஈமச்சின்னங்கள்) ஒன்றிரண்டையும் முறையாகப் படமெடுத்து, பெரிய அளவில் அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் வைக்க விரும்புகிறேன்.

தூண் பாறையின் படங்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கம்பிவேலியை ஒட்டி நின்று, மூன்று தூண்களையும் நடுவில் வைத்து, பின்னால் மேகம் வரும்படி எடுக்கப்பட்டவை. பாறை எங்கே பிளந்திருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, தூண் எவ்வளவு உயரம் என்பவற்றில் ஒன்றுகூட அவற்றிலிருந்து தெரிவதில்லை. பாறை ஏதோ சாம்பல் நிறச் சுவரைப் போல மட்டும் தெரிகிறது. நான் கோடை விடுமுறையில் எடுத்து வந்த படங்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போனால் பாறையின் உடல் தெரியும்? உயரத்தைப் படத்தில் எப்படி உணர்த்துவது? கல்திட்டைகளைப் படமெடுக்க யாரிடம் கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

முக்காலி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான விடை கேமராவில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது.

கொடைக்கானல் ஏறத்தாழ 10.2 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் அந்த அட்சத்தைத் தாண்டி வடக்கே போவது ஏப்ரல் நடுவில், திரும்பித் தெற்கே வருவது ஆகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட நாலு மாதத்துக்கும் மேலாக, காலை உதயம் முதல் மாலை மறைவு வரை சூரியன் வடபாதியில்தான் நகரும். ஜூன் மாதக் கடைசி வாரங்களில் அது கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும். உச்சிப் பொழுதிலும் தலைக்கு நேர் மேலே வராமல் 13 பாகை வடக்கே நிற்கும். அதாவது, நேராகத் தெற்கு நோக்கி நிற்கிற ஒரு செங்குத்துப் பாறை முகத்தில் அந்தக் காலம் முழுவதும் நேர் வெயில் விழவே விழாது. கொடைக்கானலுக்குக் கூட்டம் வருகிற சீசனின் பெரும்பகுதியும் அந்தக் காலத்தில்தான் அடங்குகிறது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் சாம்பல் சுவர்களில் பெரும்பாலானவை, பாறை தன் நிழலிலேயே நின்ற நாட்களில் எடுக்கப்பட்டவை என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் கோடை விடுமுறைப் படங்களுக்கும் இதுவே காரணம். கேமராவின்மீது குறையில்லை.

ஜனவரியில் நிலைமை தலைகீழாகிறது. அப்போது சூரியன் நாள் முழுவதும் தென்பாதியில் இருக்கும். ஜனவரி நடுவில் காலை ஒன்பதரை மணி அளவில் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 36 பாகை உயரத்தில் நிற்கும். அந்த வெளிச்சம் தென்முகத்தில் நேராக மோதாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதால், ஒவ்வொரு வெடிப்பின் ஓரத்திலும் நிழல் விழுந்து, பிளவுகள் கோடு போட்டதுபோல் தனித்துத் தெரியும். தூண் பாறையின் காட்சிமுனை வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால், நுழைவாயில் திறப்பதற்குள் முதல் வெளிச்சம் போய்விடுகிறதே என்று பலர் வருந்துவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அந்த வருத்தத்துக்கு அவ்வளவாக இடமில்லை. ஒவ்வொரு தூணின் முகமும் சற்று வேறு திசையில் திரும்பியிருப்பதால் கையில் திசைகாட்டியோடு போய் எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டால், அடுத்த முறை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிராது.

மேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கொடைக்கானலில் மழை மிகுதியாகப் பெய்வது அக்டோபர், நவம்பரில். ஜனவரி முதல் மார்ச் வரை மழை மிகக் குறைவு. ஆனால் வறண்ட நாட்களிலும் வெயில் ஏற ஏறப் பெரியகுளம் பக்கத்துச் சமவெளியிலிருந்து சூடான காற்று சரிவில் ஏறி வந்து, விளிம்பைத் தொடும்போது குளிர்ந்து மூடுபனியாகிவிடும். ஆகவே முற்பகலை நம்புங்கள், பிற்பகலை நம்ப வேண்டாம். மூடுபனி பின்னணியில் இருக்கும்போது கேமராவின் அளவி அந்த வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சம் இருமடங்காகும்படி, கூட்டி வையுங்கள். சட்டகம் முழுவதும் ஈரமான கரும்பாறையாக இருந்தால் நேர்மாறாகக் குறைக்க வேண்டும். ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் பார்த்துச் சரிசெய்யுங்கள். லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் வைத்தால் போதும். அதற்கு மேல் சுருக்கினால் கூர்மை குறையத் தொடங்கும்.

---

கருங்கல் எழுதியது:

முக்காலி அவர்கள் வெளிச்சத்தைப் பற்றி எழுதியதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பாறையைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன், ஏனென்றால் எதைப் படமெடுக்கிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே நிற்பது என்றும் தெரியும்.

சுற்றுலாக் கையேடுகள் தூண் பாறையைக் கிரானைட் என்று எழுதுகின்றன. பழனி மலையின் பெரும்பகுதி சார்னோகைட். கொல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து, 1893ஆம் ஆண்டு தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் இந்தப் பாறைவகைக்குப் பெயரிட்டார். அந்தக் கல் நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இது பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருவாகி, மேலிருந்த பாறையெல்லாம் அரிபட்டுப் போன பிறகு வெளியே வந்த பாறை. நீலகிரியின் சார்னோகைட்டுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் வயது. கொடைக்கானல் பகுதியின் பாறைகள் அதற்கு வெகு பின்னர், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மீண்டும் ஒரு பெருவெப்பத்தில் வெந்தவை. இரண்டு மலைத்தொகுதிகளுக்கும் நடுவே பாலக்காடு, காவிரிப் பக்கமாக ஓடும் பெரிய உருத்திரிவு மண்டலம் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) ஒன்று அவற்றைப் பிரிக்கிறது. சமவெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நீல மலைகள்தாம், ஆனால் வரலாறு வேறு.

இனிப் படத்துக்கு வருகிறேன். ஆழத்தில் அழுத்தத்தோடு இருந்த பாறை, மேற்பாரம் நீங்கியபோது விரிந்து வெடித்தது. சில வெடிப்புகள் செங்குத்தானவை. மற்றவை மேற்பரப்புக்கு இணையாக, பலகை பலகையாகப் பாறையைக் கழற்றுபவை. தூண் பாறையைத் தூண்களாக்கியவை முதல் வகை வெடிப்புகள். மழைநீரும் வேர்களும் அந்த வெடிப்புகளை அகலப்படுத்தி, விளிம்பின் உடலிலிருந்து தூண்களைத் தனியாகப் பிரித்துவிட்டன. ஆகவே தூண்களை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். தூணுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளியும், இன்னும் பிரியாமல் விளிம்போடு ஒட்டியிருக்கிற அடுத்த வெடிப்பும் ஒரே சட்டகத்தில் வருமாறு நில்லுங்கள். முன்பு பிரிந்தது, இனிப் பிரியப் போவது, இரண்டும் அருகருகே தெரியும். பாடத்துக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.

சாலையோர வெட்டு ஒன்றில் புதிதாக உடைந்த சார்னோகைட்டைக் கிட்டத்தில் எடுக்கவும் மறக்க வேண்டாம். வெளிப்புறத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல் இருக்கும். அதற்கு உள்ளே எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்போடு பசுமை கலந்த கருஞ்சாம்பல் நிறம், அதில் நீலச்சாயை கொண்ட குவார்ட்ஸ் மணிகள். அந்தப் பளபளப்பு வெண்புள்ளிகளாகத் தெறிக்காமல் இருக்க போலரைஸர் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றோ, சென்டிமீட்டர் அளவுகோலோ வையுங்கள். சுத்தியல் கொண்டு யாரும் உடைக்க வேண்டாம். மண்சரிவிலும் சாலைப் பணியிலும் உடைந்த கல் தானாகவே கிடக்கிறது.

---

ஸ்டுடியோக்காரர் எழுதியது:

நான் திருமணப் படங்கள் எடுப்பவன், பாறைகளில் பழக்கம் குறைவு. தூண் பாறைப் படங்களில் மேலிருந்து கீழே ஓடும் கறுப்புப் பட்டைகள் பார்க்க அழுக்குப் போலத் தெரிவதால், நான் கணினியில் அவற்றைத் தணித்து, வானத்தையும் சற்று நீலமாக்கி அச்சிடுவது வழக்கம். வாடிக்கையாளர்களுக்கும் அது பிடிக்கிறது. வகுப்பறைச் சுவருக்கும் அப்படிச் செய்தால் படம் எடுப்பாக இருக்குமே?

---

கருங்கல் எழுதியது:

நண்பரே, அழகுக்காகக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கறுப்புப் பட்டைகள் அழுக்கு அல்ல. மழைநீர் வழக்கமாக வடிகிற தடங்களில் நீலப்பசும் நுண்ணுயிரிகள் படிந்து வாழ்கின்றன. வறண்டால் கறுத்து ஒட்டிக்கொள்ளும், நனைந்தால் மீண்டும் உயிர்ப்படையும். அந்தத் தடங்களுக்கு வெளியே, ஈரம் குறைந்த இடங்களில் சாம்பல் பச்சை நிறத்தில் வட்ட வட்டமாகத் தெரிபவை கற்பாசிகள். எங்கே தண்ணீர் ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்பதைப் பாறையே வரைந்து வைத்திருக்கிற வரைபடம் அது. ஆசிரியர் கேட்ட இரண்டாவது செய்தியே அதுதான். அதை அழித்துவிட்டுப் பாறைச் சிதைவு பற்றிப் பாடம் நடத்த முடியாது. மழை நின்ற மறுநாள் காலையில் போனால் பட்டைகள் ஈரத்தோடு மின்னுவதும் ஓரங்கள் உலர்ந்திருப்பதும் ஒரே படத்தில் கிடைக்கும்.

---

ஸ்டுடியோக்காரர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. பாறைப் படங்களில் இனிப் பட்டைகளைத் தொட மாட்டேன்.

---

கோத்தகிரி எழுதியது:

உயரத்தைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் நீலகிரியில் கோடநாடு காட்சிமுனையிலிருந்து ரங்கசாமி தூணைப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதுவும் ஏறத்தாழ 400 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை. வைட் லென்ஸில் எடுத்தால் கைவிரல் அளவுக்குச் சுருங்கிப்போகும்.

நான் கண்டது இவ்வளவுதான்: 70 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸை எடுத்துக்கொண்டு, கேமராவை நெடுக்காக முக்காலியில் பொருத்தி, தூணின் அடி முதல் முடி வரை ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேற்படியுமாறு துண்டு துண்டாக எடுத்து, பிறகு கணினியில் இணையுங்கள். எக்ஸ்போஷரும் ஃபோகஸும் கைமுறையில் நிலையாக இருக்க வேண்டும், போலரைஸரை நடுவில் திருப்பக் கூடாது. கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்து வைட் லென்ஸில் எடுத்தால் தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். பாறையின் உண்மையான செங்குத்து அதனால் கெட்டுவிடும். இணைத்த படத்தை ஆள் உயரத்துக்கு அச்சிட்டால், வெடிப்பிலிருந்து முளைத்திருக்கிற மரம் ஒன்றை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த மரம்தான் அளவுகோல்.

இன்னொரு வழியும் உண்டு. தூண் பாறையின் உயரம் ஏறத்தாழ 400 அடி, அதாவது 122 மீட்டர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் 170 அடி. உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அதன் அடியில் நின்றிருப்பார்கள். ஒரே அளவுத் திட்டத்தில் கோபுரத்தின் கோட்டு வடிவத்தைப் படத்தின் ஓரத்தில் அச்சிட்டுவிடுங்கள். கோபுரத்தின்மேல் கோபுரம் வைத்தாலும் தூணின் உச்சி எட்டாது என்பது பார்த்தவுடன் விளங்கும்.

கல்திட்டைகளையும் தொடப்போகிறீர்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். கோத்தகிரி வட்டத்தில் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள் மலையேற வந்தவர்களின் கிறுக்கல்களால் பட்ட சேதம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஓவியம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளித்துப் படமெடுப்பவர்களையும் கேள்விப்படுகிறோம். தண்ணீர் பட்டால் உப்பு வெளிவந்து நிறம் உதிரும். மங்கிய நிறத்தைப் பிரித்துக் காட்ட டீஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது, பாறை ஓவிய ஆய்வாளர்கள் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து கணினியில் செய்ய வேண்டிய வேலையைப் பாறையின்மேல் செய்யக் கூடாது.

---

முக்காலி எழுதியது:

கோபுர யோசனை அருமை. கல்திட்டைகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதை, ஜிபிஎஸ் எண்களோடு, தெரிந்தவர்கள் இங்கேயே பதிந்தால் ஆசிரியருக்கும் பின்னால் வருபவர்களுக்கும் உதவியாக இருக்கும். என்னிடம் இருக்கும் மூன்று இடங்களை முதலில் பதிகிறேன்.

[இடக்குறிப்புகளை நெறியாளர் நீக்கியிருக்கிறார். காரணம் கீழே உள்ள உரையாடலில் இருக்கிறது.]

---

காப்பித் தோட்டம் எழுதியது:

முக்காலி அண்ணா, நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் பதிந்தீர்கள், ஆனால் நெறியாளரிடம் நீக்கச் சொன்னவள் நான்தான். எங்கள் வீடு பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில். தோட்டத்துக்கு மேலே உள்ள வெறும்பாறையில் கல்திட்டைகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கம் செங்குத்துப் பலகைக் கற்கள், மேலே மூடுகல், ஒரு பக்கம் திறப்பு. அந்தப் பலகைகள் வேறெங்கிருந்தும் வந்தவை அல்ல. கருங்கல் ஐயா சொன்னதுபோல் பாறை தானாகவே கழன்று வருகிற பலகைகளைத்தான் அந்தக் காலத்து மக்கள் எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு கல்திட்டைகளின் உள்தரையைப் புதையல் தேடி வந்தவர்கள் இடுப்பளவு தோண்டிவிட்டார்கள். தோண்டியதில் ஒரு பக்கப் பலகை சரிந்து, மூடுகல் இன்று ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறது. யாரோ ஒருவர் இடத்தின் பெயரோடு இணையத்தில் படம் போட்ட பிறகு நடந்தது அது. வேலி கிடையாது, காவலாள் கிடையாது. எங்களால் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

---

முக்காலி எழுதியது:

அம்மா, உங்கள் வேதனையை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்துகொண்டு மலை முழுவதும் நடந்து, கல்திட்டைகளை அளந்து, வரைந்து, இடம் குறித்து எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அவர்கள் இடம் குறிக்காமல் போயிருந்தால், எது இருந்தது, எது அழிந்தது என்றே இன்று நமக்குத் தெரியாது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்ததும் இடம் அறியப்பட்டிருந்ததால்தான். இடத்தை மறைத்தால் கல்குவாரிக்கும் சாலைக்கும் இரையாகும்போது கேட்க ஆளிருக்காது.

---

காப்பித் தோட்டம் எழுதியது:

பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா. அந்தப் பாதிரியார்கள் எழுதியது ஆய்வாளர்களின் கைக்குப் போயிற்று. இன்றைக்கு இணையத்தில் போடும் எண் எல்லார் கைப்பேசிக்கும் அடுத்த நிமிடமே போய்விடுகிறது. இடக்குறிப்பைத் தொல்லியல் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள், பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். படத்தைப் பொதுவில் போடும்போது வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

தென்சரிவு எழுதியது:

இருவர் சொன்னதையும் பலமுறை படித்தேன். காப்பித் தோட்டம் அம்மா சொல்வதன்படியே செய்யப் போகிறேன். முழு இடக்குறிப்போடும் அளவுகளோடும் ஒரு தொகுப்பைத் தொல்லியல் துறை அலுவலகத்துக்குக் கொடுப்பேன். சுவரில் மாட்டும் படத்தில் "கீழ்ப்பழனி மலை" என்று மட்டும் இருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடம் பதிவாகிவிடும் என்பதால், மாணவர்களுக்குப் பகிர்வதற்கு முன் அந்தத் தகவலை நீக்கிவிடுவேன். முக்காலி ஐயாவின் கவலைக்கும் அந்தத் தொகுப்பு பதிலாக அமையும் என்று நம்புகிறேன்.

இனி அனுமதி பற்றி மட்டும் தெரிய வேண்டும். ட்ரோன் ஒன்றையும் நண்பர் தருவதாகச் சொல்கிறார்.

---

கோத்தகிரி எழுதியது:

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். அங்கே முன் அனுமதி இல்லாமல் பறக்க விட்டால் வழக்காகும். அதைவிட முக்கியமாக, செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் பருந்தினப் பறவைகளும் உழவாரன்களும் கூடு வைக்கின்றன, மலைத்தேனீக்கள் அடை கட்டுகின்றன. தேனடைக்குப் பக்கத்தில் ட்ரோன் போனால், கீழே காட்சிமுனையில் நிற்கிற குழந்தைகள்தாம் கொட்டு வாங்குவார்கள்.

பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் காட்சிமுனைகளில் நுழைவுச் சீட்டு போதும். அதைத் தாண்டிக் காட்டுக்குள் கால்வைப்பதற்கும் படமெடுப்பதற்கும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். பள்ளியின் கடிதத்தோடு மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் வருவதற்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. மாணவர்களை அழைத்து வந்தால் ஈரப்பாறையில் விளிம்புக்கு அருகே யாரையும் விடாதீர்கள். டால்பின் நோஸில் காவல் இருப்பதாக எண்ணி நின்றுவிட வேண்டாம், பாறை நாக்கின் நுனிக்கு அப்பால் ஒன்றுமில்லை.

---

காப்பித் தோட்டம் எழுதியது:

ஆசிரியர் ஐயா, ஜனவரியில் வருவதானால் கீழ்மலையில் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். தோட்டங்களில் காலை முதல் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். கல்திட்டைகளுக்குப் போகும் பாதைகளில் பல தனியார் தோட்டத்துக்குள்தான் போகின்றன, ஆகவே வாசலிலேயே நின்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் பக்கத்துக் கல்திட்டைகளின் திறப்பு கிழக்கு பார்த்து இருப்பதால், எட்டு மணிக்குள் வந்தால் உள்சுவர் வரை வெளிச்சம் போகும். சாய்ந்து நிற்கிற மூடுகல்லுக்குக் கீழே மட்டும் யாரும் குனிந்து போக வேண்டாம். அதை நான்கு பக்கமிருந்தும் எடுத்து, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்துக் கொடுத்தீர்கள் என்றால், துறைக்கு நாங்கள் எழுதப்போகும் மனுவோடு அதை இணைத்து அனுப்புவோம். நூலும் குண்டும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.